குத்துச்சண்டை பழகத் தொடங்குகிறவருக்கு: முதல் மூன்று மாதம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதத்தில் நீங்கள் யாரையும் அடிக்கப் போவதில்லை, யாரிடமும் அடி வாங்கவும் போவதில்லை. இதைக் கேட்டதும் முகம் சுருங்குகிற பெடியளைப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. யூரியூப்பில் நொக்அவுட் காட்சிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் கை துருதுருக்கும், அது இயல்புதான். ஆனால் புதிதாக வருகிறவரைக் காலை வாரிவிடுவது கை இல்லை. முதல் சுற்று முடிய முன்னரே மூச்சு போய்விடும், கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு பலமான குத்து கைவசம் இருந்தும் பயனில்லை. ஆகவே இதில் காலும் மூச்சும்தான் அதிகம் வரும். கைக்கு அப்புறம் வருவோம்.

அமெச்சூர் போட்டி ஒன்று 3 நிமிடச் சுற்று மூன்று, இடையில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. ஆக மொத்தம் 11 நிமிடம். கேட்கச் சின்னதாகத் தெரியும். இப்போது எழுந்து நின்று இரண்டு கைகளையும் கன்னத்துக்கு நேரே தூக்கி, மெதுவாக நடந்துகொண்டே 3 நிமிடம் வைத்திருந்து பாருங்கள். யாரும் அடிக்காமலே தோள் எரியும்.

தொடங்க முன்

வைத்தியர் ஒருவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். வலிப்பு, இதயக் கோளாறு, விழித்திரைப் பிரச்சினை, கண்ணில் செய்த சத்திரசிகிச்சை, முன்பு எப்போதாவது தலையில் பட்ட பலத்த அடி, இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்கு உடற்பயிற்சி மட்டும் செய்யலாம், தலையில் அடி படக்கூடாது என்று வைத்தியர் சொல்லலாம். அதுவும் நல்ல வழிதான். ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு வளையத்துக்குள் குத்திப் பழகுவது, அந்தப் பக்கமே போகாமல் வருடக்கணக்காகத் தொங்கவிட்ட பையைக் குத்தி, கயிறடித்து உடம்பை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் வைத்தியர் சரி என்றால் பழகலாம், இன்ஹேலர் பையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பயிற்றுநர். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் என்றால் மைதானமும் ஆளும் உடனே கிடைக்கும். குத்துச்சண்டைக்கு விசாரிக்கத்தான் வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் கேட்பது நல்ல தொடக்கம். இடம் கிடைத்ததும் உடனே சேராமல் ஒரு பின்னேரம் போய் ஓரமாக நின்று பாருங்கள். போன கிழமை வந்தவனை ஐந்து வருடம் பழகியவனோடு வளையத்துக்குள் இறக்கி, சுற்றி நின்று சிரிக்கிறார்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வயது, வருத்தம், பழைய காயம் பற்றி மாஸ்ரர் உங்களிடம் கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். கேட்காதவர் பிறகு அடிபட்டாலும் கேட்கமாட்டார்.

வீட்டில் எதிர்ப்பு வரும். “உதென்ன சண்டியர் வேலை” என்று அம்மா கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. இன்று பொதுநலவாய விளையாட்டு என்று அழைக்கப்படும் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே குத்துச்சண்டையில்தான். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிகஸ் அதை வென்றார். மகள் கேட்டாலும் இதே கதைதான். பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டன் ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் வேறு விதி ஒன்றும் இல்லை. இதில் சொல்வதெல்லாம் அவர்களுக்கும் அப்படியே.

வேறு விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். கரையோரக் கிராமங்களில் உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்தவர்கள் இதில் சீக்கிரம் முன்னேறுவார்கள், அவர்களுக்குக் காலும் மூச்சும் ஏற்கெனவே இருக்கிறது. கராத்தே பழகியவர்களுக்குத் தூரக்கணக்கு நன்றாக வரும். ஆனால் கையை இடுப்புக்கு இழுக்கிற பழக்கத்தை மறக்க ஒரு மாதமாவது எடுக்கும். உடற்பயிற்சி நிலையத்தில் நெஞ்சும் புயமும் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் முதலில் களைத்து உட்காருவார்கள். அவர்கள் கோபிக்கக் கூடாது.

வாங்க வேண்டியவை

முதல் மாதத்துக்கு ஓடுகிற சப்பாத்து ஒரு சோடி, கயிறு ஒன்று, கைப்பட்டி ஒரு சோடி காணும். கைப்பட்டி 4.5 மீற்றர் நீளமானதாக இருக்கட்டும். கட்டையான பட்டி மணிக்கட்டைச் சுற்றி முடிய முன் தீர்ந்துவிடும்.

கையுறை வாங்க அவசரம் வேண்டாம். வாங்கும்போது உடல் எடையைப் பாருங்கள். ஏறக்குறைய 60 கிலோவுக்குக் கீழே என்றால் பையடிக்க 12 அவுன்ஸ், அதற்கு மேலே 14, ஸ்பாரிங் தொடங்கும்போது 16. மற்றவர் முகத்தில் படப்போவது என்பதால்தான் ஸ்பாரிங்குக்குத் தடித்த கையுறை. போட்டியில் அணிவது 10 அல்லது 12 அவுன்ஸ், அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை. ஒரு சோடிதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் 14ஐயோ 16ஐயோ எடுத்துவிடுங்கள். எங்கள் புழுக்கத்தில் கையுறை நாறுவதுதான் பெரிய பிரச்சினை. பயிற்சி முடிந்ததும் பையில் அமுக்கி வைக்காமல் வாயை விரித்து நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். கைப்பட்டியை ஒவ்வொரு முறையும் தோயுங்கள்.

ஓட்டம்

கிழமைக்கு மூன்று நாள் ஓட வேண்டும், மெதுவாக. இந்த ‘மெதுவாக’ என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் ஓடுகிறவருடன் முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். வேகமாக ஓடினால்தான் பயிற்சி என்று நினைக்கிறவர்கள் மூன்றாம் கிழமையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மெதுவான நீண்ட ஓட்டம்தான் இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற இரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது, தசைக்குள் போகிற நுண்குழாய்களைப் பெருக்குகிறது. இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் கிடைக்கிற அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் ஆறி எழும்புவீர்களா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

ஓடியே பழக்கமில்லாதவர் முதல் கிழமையில் 2 நிமிடம் ஓடி 2 நிமிடம் நடக்கட்டும், ஐந்து தடவை. மொத்தம் 20 நிமிடம். அடுத்தடுத்த கிழமைகளில் ஓட்டத்தை ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஆறாம் ஏழாம் கிழமையளவில் 30 நிமிடம் நிற்காமல் ஓட வரும். வராவிட்டால் இன்னும் இரண்டு கிழமை எடுங்கள். எட்டாம் கிழமைக்குப் பிறகு மூன்று நாளில் ஒரு நாளை மாற்றலாம்: 1 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெல்லோட்டம், ஆறு தடவை. அதற்கு முன்னால் வேண்டாம்.

எங்கே ஓடுவது? பட்டணத்துக்குள் இருப்பவர்களுக்கு முற்றவெளியும் கோட்டையைச் சுற்றிய பகுதியும் வசதி. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகிற வீதி நேரானது, சமதரையானது, இரண்டு பக்கமும் கடல். ஆனால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் போகும்போது காற்று முகத்தில் அறையும். வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள், திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். வாகனங்களைப் பார்த்தபடி வலது கரையில் ஓடுவது பாதுகாப்பு. காரைநகர் காசூரினாக் கடற்கரைக்குப் போய் மணலில் ஓடிப் படம் போடுவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உதிரி மணல் புதியவருடைய குதிநாரை இழுத்துவிடும். ஈர மணலில் நடந்தால் காணும், ஓட்டம் பிறகு. ஒழுங்கைக்குள் ஓடுகிறவர்களுக்கு நாய் தொல்லை இருக்கும். நாய் வந்தால் ஓடாமல் நடையாக மாறுங்கள், பெரும்பாலும் அதுவும் ஆர்வம் விட்டுப் போய்விடும்.

நேரம் விடியற்காலை, இல்லையென்றால் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு. வெக்கை மாதங்களில் புதிதாகத் தொடங்குகிறவருடைய உடம்புக்கு வெயிலுக்குப் பழக ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். அதுவரை எல்லாவற்றையும் பாதியளவில் செய்யுங்கள். தலைசுற்று, குளிர் நடுக்கம், வியர்வை திடீரென நிற்பது, கதை குழறுவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்தி நிழலுக்குப் போய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றுங்கள். கதை குழறினால் அல்லது ஆள் தடுமாறினால் தண்ணீரை ஊற்றியபடியே ஆஸ்பத்திரிக்கு. மாரியில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும்போது ஓட்டத்தை விட்டுவிட்டு விறாந்தையில் கயிறடிக்கலாம்.

கயிறடித்தல்

கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இரண்டு பிடியையும் மேலே இழுத்தால் அக்குளளவு வர வேண்டும். கூடினால் முடிச்சுப் போட்டுக் குறைக்கலாம். தும்புக் கயிறு வேண்டாம், அதற்குச் சுழற்சி இல்லை. பிளாஸ்ரிக் கயிறு நல்லது.

கயிற்றைச் சுழற்றுவது மணிக்கட்டு, தோள் அல்ல. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். தரையிலிருந்து கயிறு போகிற இடைவெளிக்கு மட்டும் எழும்புங்கள், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் காணும். சிறுவயதில் கயிறடித்த ஞாபகத்தில் முழங்காலை மடக்கித் துள்ளினால் ஒரு நிமிடத்தில் இளைத்துப்போவீர்கள். இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி மட்டும் தரையில் பட வேண்டும். 30 வினாடி அடித்து 30 வினாடி ஆறி, பத்துத் தடவை. ஒரு மாதத்தில் 2 நிமிடச் சுற்று மூன்று, மூன்றாம் மாதத்தில் 3 நிமிடச் சுற்று மூன்று. வெறும் சீமெந்துத் தரையில் தினமும் அடித்தால் முன்கால் எலும்பு நோகும், பழைய பாய் ஒன்றோ இறப்பர் விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள்.

நிலையும் காலடியும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். மற்றதெல்லாம் இதற்கு மேல்தான் நிற்கிறது.

வலது கைக்காரர் இடது காலை முன்னுக்கு வைக்க வேண்டும், இடது கைக்காரர் வலது காலை. இனி வலது கைக்காரருக்குச் சொல்கிறேன், மற்றவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். கால்கள் தோளகலத்துக்குச் சற்றுக் கூட. முன்பாதம் எதிராளியை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியிருக்கும், பின்பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும், பின்குதி தரையை விட்டு லேசாக எழும்பியிருக்கும். இரண்டு முழங்காலும் இளகியிருக்க வேண்டும். பாரம் இரண்டு காலிலும் சமம். நாடி கீழே, கைகள் கன்னத்தருகே, முழங்கைகள் விலாவைக் காக்கிறபடி. இரண்டு பாதமும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால் பக்கத்திலிருந்து ஒரு விரலால் தள்ளினாலே சரிந்துபோவீர்கள்.

நகர்வுக்கு ஒரே விதி: எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கக் கால் முதலில் போகும், மற்றது அதே அளவு தூரம் பின்னால் வரும். முன்னே போக முன்கால், பின்னே வரப் பின்கால், இடப்பக்கம் இடக்கால், வலப்பக்கம் வலக்கால். கால்கள் குறுக்கே போகவும் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டவும் கூடாது. எழுதிவிட்டால் இவ்வளவுதான். உடம்பில் ஏற ஒரு மாதம் எடுக்கும்.

இதைப் பழகுவதற்கு எங்கள் மண் முற்றத்தைவிட நல்ல இடம் இல்லை. விடிய முற்றம் கூட்டி முடிந்த கையோடு, ஈர்க்குத் தும்புத்தடியின் வரிவரியான கோடுகள் மண்ணில் இருக்கும்போதே, வெறுங்காலோடு இறங்குங்கள். நான்கு அடி முன்னே, நான்கு அடி பின்னே, இரண்டு பக்கமும் நான்கு நான்கு. பிறகு விலகி நின்று தரையைப் பாருங்கள். பின்காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் நீளமான கீறல் இருக்கும். குதி ஊன்றியிருந்தால் ஆழமான குழி. கால்கள் நெருங்கிய இடத்தில் இரண்டு தடம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். சரியாக நகர்ந்தவருடைய தடங்கள் பாதத்தின் முன்பகுதி அச்சாக, ஒரே இடைவெளியில் சோடி சோடியாகத் தெரியும். கண்ணாடியும் காட்டாது, கைபேசிக் காணொளியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கூட்டிய முற்றத்தைக் கிளறியதற்கு வீட்டில் பேச்சு விழும், பயிற்சி முடிய நீங்களே திரும்பக் கூட்டிவிடுங்கள்.

ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் இது மட்டும். முதல் இரண்டு கிழமை கைகள் கன்னத்தை விட்டு அசையாமல் கால் மட்டும். “தம்பி, கையை விடு, காலைப் பார்” என்று மாஸ்ரர்மார் சொல்லிச் சொல்லிக் களைப்பது இதைத்தான்.

குத்துகள்

ஜாப் என்பது முன்கையால், அதாவது முன்னுக்கு நிற்கிற காலின் பக்கத்துக் கையால், நேராகப் போகிற குத்து. அதுதான் தூரம் அளக்கும், எதிராளியைத் தடுக்கும், அடுத்த குத்துக்கு வழி திறக்கும். கை கன்னத்திலிருந்து நேர்கோட்டில் போய் அதே கோட்டில் திரும்ப வேண்டும். போகும்போது முழங்கை வெளியே விரியக் கூடாது, அப்படி விரிந்தால் எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கடைசி நேரத்தில் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும், தோள் எழும்பி நாடியை மூடும். படுவது சுட்டுவிரல், நடுவிரல் மொழிகள். மூச்சு ‘ஸ்’ என்று சின்னதாக வெளியே போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துகிறவருக்கு இரண்டாம் சுற்று கிடையாது.

ஜாப் போகும்போது மற்றக் கை எங்கே இருக்கிறது? புதியவர்களில் பெரும்பாலானோருக்கு அது நெஞ்சளவுக்கு இறங்கியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. மடித்த கைலேஞ்சி ஒன்றைப் பின்கை உள்ளங்கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஜாப் மட்டும் அடியுங்கள். விழுந்தால் கை இறங்கிவிட்டது.

குரொஸ் பின்கையால் நேராகப் போவது. அதன் பலம் தோளில் இல்லை. பின்கால் பாதத்தின் முன்பகுதியில் சுழலும், அதோடு நாரி திரும்பும், நாரியோடு தோள், கடைசியில் கை. முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் அடிக்கிற ஹூக்கையும் கீழிருந்து மேலே போகிற அப்பர்கட்டையும் இரண்டாம் மாதம் முடியும்வரை விட்டுவிடலாம். அவற்றைப் பயிற்றுநர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். எழுத்தில் வாசித்துப் பழகினால் முழங்கையும் மணிக்கட்டும்தான் போகும்.

பையில் அடிக்க முன்னர் காற்றில் அடிக்க வேண்டும். 2 நிமிடச் சுற்று மூன்று, இடையில் ஒரு நிமிடம் ஆறுங்கள். முதல் சுற்றில் கால் மட்டும், இரண்டாவதில் ஜாப் மட்டும், மூன்றாவதில் ஜாப், குரொஸ் இரண்டும். கையை முழுதாக நீட்டிப் பூட்டிவிடாதீர்கள், காற்றில் முழங்கை அடிபடும்.

கைப்பட்டி கட்டுதல், பை

பட்டியின் வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோய் மூன்று சுற்று. அங்கிருந்து மேலே வந்து மொழிகளைச் சுற்றி மூன்று. பிறகு மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு விரலிடுக்காகக் குறுக்கே போய் மூன்று முறை. பெருவிரலை ஒரு சுற்று. மீதியை மொழியிலும் மணிக்கட்டிலும் முடித்து ஒட்டிவிடுங்கள். கட்டும்போது விரல்களை விரித்தே வைத்திருக்க வேண்டும், முஷ்டி பிடித்தால் இறுக வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி விறைத்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். வெறுங்கையால் பையடித்துத் தோலை உரித்துக்கொள்வதில் வீரம் ஒன்றும் இல்லை.

பையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு உரப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, பழைய சாரம், சேலை, ரீசேட் எல்லாவற்றையும் கீலம் கீலமாகக் கிழித்து இறுக்கி அடையுங்கள். உங்கள் எடையில் ஏறக்குறைய பாதி வந்தால் நல்லது. மணல் மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் மணல் அடியில் இறங்கி இறுகி, அடிப்பாகம் கல்லாகிவிடும், மணிக்கட்டு போய்விடும். தொங்கவிட வேம்பு, மா, புளி எதுவும் சரி. முருங்கை வேண்டாம், சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் கிழமையிலிருந்து 2 நிமிடச் சுற்று மூன்று. பாதிப் பலத்துக்கு மேல் வேண்டாம். பை ஊஞ்சல்போல ஆடினால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள். பட்டதும் கை திரும்பிவிட வேண்டும். மொழியிலோ மணிக்கட்டிலோ நோ வந்தால் ஒரு கிழமை பையை விட்டுவிட்டுக் காற்றில் அடியுங்கள். நோவோடு அடித்துப் பழக்கினால் மூன்று மாதம் ஓய்வெடுக்க வேண்டி வரும்.

பலம்

இதற்கு இயந்திரம் தேவையில்லை. தண்டால் 8, குந்தி எழும்புதல் 15, முன்னே அடிவைத்து முழங்கால் மடக்குதல் காலுக்கு 8, முழங்கையில் ஊன்றிப் பலகையாக நிற்பது 20 வினாடி, மரக்கொப்பிலோ கம்பியிலோ தொங்கி எழும்புதல் முடிந்தளவு. இதைச் சுற்றாக மூன்று தடவை, கிழமைக்கு இரண்டு நாள். எண்ணிக்கை இலகுவானதும் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். தொங்கி எழும்ப வராதவர்கள் தொங்கிக்கொண்டு மட்டும் இருக்கலாம், பிடியும் தோளும் அதிலேயே பலப்படும்.

எல்லோரும் மறக்கிறது கழுத்து. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையையும் கையால் தலையையும் அசையாமல் எதிரெதிராக 10 வினாடி தள்ளுங்கள். பிறகு பிடரி, இரண்டு பக்கம். மெதுவாக, பாதி பலத்தில். தலையைத் தரையில் ஊன்றி உருட்டுகிற பழைய முறை வேண்டாம்.

முதல் கிழமையில் உடம்பு முழுக்க நோகும். பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடி, பிறகு தானாகக் குறையும். அது தசை நோ, பயப்பட வேண்டாம், நடந்தால் இளகும். மூட்டுக்குள் குத்துவது, வீங்குவது, ஒரு பக்கம் மட்டும் நோவது வேறு சங்கதி, அதற்கு வைத்தியர்.

கிழமையை இப்படிப் பிரிக்கலாம். திங்கள், புதன், வெள்ளி பயிற்றுநரிடமோ முற்றத்திலோ கயிறு, காலடி, காற்றில் குத்து, பை. செவ்வாய், வியாழன் மெல்லோட்டமும் பிறகு பலப்பயிற்சியும். சனி நீண்ட ஓட்டம். ஞாயிறு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் நாளெல்லாம் அலைகிறவர்கள் வியாழனை விட்டுவிடலாம். கொப்பி ஒன்றில் திகதி போட்டு எழுதி வையுங்கள். நித்திரை ஏழு எட்டு மணித்தியாலம் இல்லாமல் இந்தப் பயிற்சியைத் தாங்க முடியாது.

சாப்பாடு

பயிற்சிக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர் சாப்பிட்டு முடிக்க வேண்டும். விடியக் காலை ஓடுகிறவருக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் காணும், புட்டு திரும்பி வந்து சாப்பிடலாம். எங்கள் சாப்பாட்டில் மாச்சத்துக்குக் குறைவே இல்லை. குறைவது புரதம். பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆள் என்றால் நாளுக்கு 84 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் இருக்கும், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில். சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்கள் மலிவும் நல்லதும். இடியப்பத்துக்கு சம்பலும் சொதியும் மட்டும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மாலையில் கை எழும்பாது, கூட இரண்டு முட்டை வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லாத வீடுகளில் அவித்த பயறு, கடலை, கௌபி, பருப்பு, தயிர், கச்சான் என்று மாற்றிக்கொள்ளலாம். கடையில் வாங்குகிற பொரித்த கச்சான் கணக்கில் வராது என்று சொல்லமாட்டேன், அளவோடு சாப்பிடுங்கள்.

தண்ணீர் தாகம் வர முன்னரே குடிக்க வேண்டும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி, தேயிலைச் சாய நிறத்துக்கு வந்தால் போதாது. நிறைய வியர்த்த நாளில் உப்புப் போட்ட மோரோ இளநீரோ நல்லது. மிகவும் களைத்த நாளில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றத் தூள்) கரைத்துக் குடிக்கலாம். எடை குறைக்கிறேன் என்று பொலித்தீன் உடுப்புப் போட்டு வெயிலில் ஓடுவது, தண்ணீரை நிறுத்துவது இரண்டும் ஆபத்து. குறைவது தண்ணீர், கொழுப்பு அல்ல.

போத்தல்களில் வருகிற ‘மசில்’ மாவு, மாத்திரை பக்கம் புதியவர் போகவே வேண்டாம். 2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் இலங்கைக் குத்துச்சண்டை வீரர் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் நன்ட்ரோலோன் அகப்பட்டதால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. 1938க்குப் பிறகு அத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததை வாயில் போடக் கூடாது.

ஸ்பாரிங்

மூன்று மாதம் முடிந்து, 3 நிமிடச் சுற்று மூன்றைக் காலடி குலையாமல் பையில் முடிக்க முடிந்தால், பயிற்றுநரும் சரி என்றால் தொடங்கலாம். அதற்கு முன் பற்காப்பு வாங்குங்கள். சுடுதண்ணீரில் இளக்கிக் கடித்துப் பல்லுக்கேற்ப அச்செடுக்கிற வகை காணும், அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கவும் மூச்சு விடவும் ஒரு கிழமை பழகுங்கள். ஆண்களுக்கு அடிவயிற்றுக் கவசமும் வேண்டும்.

முதல் சில கிழமை ஜாப் மட்டும் ஸ்பாரிங்: இரண்டு பேரும் முன்கை மட்டும், தொடுகிற அளவு பலம். அடுத்தது ஒருவர் அடிக்க மற்றவர் தடுக்கவும் விலகவும் மட்டும். யாராவது பலம் கூட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், ‘ஒன்று வாங்கினேன், ஒன்று கொடுக்கிறேன்’ என்ற கணக்கு வளையத்துக்குள் வரக் கூடாது. உங்களைவிட நல்லாகப் பழகிய, நிதானமான ஒருவரோடு தொடங்குவது பாதுகாப்பு. உங்களைப் போன்ற இன்னொரு புதியவரோடுதான் காயம் வரும், இருவருக்கும் பலத்தை அடக்கத் தெரியாது.

தலைக்கவசம் போட்டிருக்கிறேன், பயமில்லை என்று நினைக்காதீர்கள். அது தோல் வெடிப்பதையும் கண்டலையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. 2013இலிருந்து சர்வதேச ஆண்கள் போட்டியில் வளர்ந்தவர்களுக்குத் தலைக்கவசமே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதற்காகப் பயிற்சியில் கழற்ற வேண்டாம்.

தலையில் அடி பட்ட பிறகு தலையிடி, சத்தி, தலைசுற்று, வெளிச்சம் கூசுவது, சற்று முன் நடந்தது நினைவில்லாமல் போவது, ஆள் ஒரு மாதிரி மந்தமாக இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. ‘இப்ப சரி, இன்னொரு சுற்று’ என்பது இல்லை. போட்டி விதிகளில் தலையில் அடி பட்டு நிறுத்தப்பட்டவருக்குக் குறைந்தது 30 நாள் களமிறங்கத் தடை இருக்கிறது, பயிற்சியிலும் அதே கணக்கை வையுங்கள், வைத்தியர் பார்த்த பிறகுதான் திரும்ப ஸ்பாரிங். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகிற தலையிடி, வலிப்பு, எழுப்ப முடியாத நித்திரை, கை கால் பலவீனம் என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அடி பட்டவர் தானாக மோட்டார் சைக்கிள் ஓட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருவர் கூடப் போய், என்ன நடந்தது என்று வீட்டாரிடம் ஒளிக்காமல் சொல்லி, அன்றிரவு யாராவது பக்கத்தில் இருக்க ஒழுங்கு செய்துவிட்டு வர வேண்டும்.